ஃபீபிக்கு எழுதி வைத்த நூறு ஏக்கர்

வியாழக்கிழமை காலை ஆறு இருபதுக்கு, டாலஸ் பக்கத்துக் காப்பெல்லில் இருக்கும் மகன் வீட்டில் இருந்து கிளம்பினோம். வண்டி ஓட்டியவள் என் மருமகள் க்ளேர். பக்கத்து இருக்கையில் நான். பின்னால் ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதம், இன்னொன்றில் உருளைக்கிழங்கு வறுவல், ஒரு பூதக்கண்ணாடி, க்ளேருடைய அம்மா நியூ ஜெர்சியில் இருந்து தபாலில் அனுப்பியிருந்த ஒரு அட்டைப்பெட்டி. போக வேண்டிய தூரம் நூற்று ஐம்பத்தெட்டு மைல் என்று ஃபோன் சொன்னது. டெக்சாஸின் கிழக்குப் பக்கம், டைலரைத் தாண்டி நாற்பது மைலில் இருக்கும் ஒரு சின்ன கவுன்டித் தலைநகர். கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி, ஆனால் ஒரு தாலுகா அளவுதான் இருக்கும். அந்த ஊரின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. க்ளேர் அப்படிக் கேட்டுக்கொண்டாள்.

நான் முப்பத்தோரு வருஷம் பதிவுத்துறையில் இருந்தவள். தாராபுரம் பக்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, சார்பதிவாளராக ஓய்வு பெற்றேன். என் மகன் கார்த்திக் பிளானோவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். க்ளேரை அங்கேதான் பார்த்து, விரும்பி, மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டான். க்ளேருடைய அம்மா ஜூடித் கல்யாணத்துக்கு வரவில்லை. கண் சரியில்லை என்று சொன்னார்கள். அது உண்மைதான். அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இந்தப் பயணமே அந்த அட்டைப்பெட்டியால் வந்தது. ஜூடித் இருபது வருஷமாகத் தன் குடும்பத்தில் ஒருத்தியைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் பெயர் ஹன்னா. ஆயிரத்து எண்ணூறுகளின் நடுவில் தெற்கு நியூ ஜெர்சியில் இருந்தவள். புருஷன் செத்ததும் நாலு வயது மகள் ஃபீபியைக் கொழுந்தன் வீட்டில் விட்டுவிட்டு, இன்னொருவனைக் கட்டிக்கொண்டு டெக்சாஸுக்குப் போய்விட்டாள், திரும்பிப் பார்க்கவே இல்லை. வீட்டில் சொல்லி வந்த கதை இதுதான். ஃபீபியின் வழியில் வந்தவர்கள்தான் ஜூடித்தும் க்ளேரும். அந்த இரண்டாவது புருஷனின் பெயர் யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் கல்யாணம் ஆனால் பெண்ணின் பெயர் மாறிவிடும். பெயர் தெரியாவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. பெட்டியில் இருந்த ஒரே தடயம், கடிதம் இல்லாத ஒரு காலி உறை. அதில் அந்த டெக்சாஸ் ஊரின் பெயர் இருந்தது.

ஜூடித்துக்கு இப்போது எழுத்துகள் நடுவில் கறுத்துத் தெரிகின்றன. அதனால் பெட்டியை மகளுக்கு அனுப்பிவிட்டார். க்ளேர் அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"இந்தக் கூட்டெழுத்து எனக்குப் படிக்க வராது, அத்தை. எங்களுக்கு ஸ்கூல்ல சொல்லித் தரவே இல்லை."

க்ளேருக்குத் தமிழில் 'அத்தை', 'சரிங்க', 'போலாமா' மூன்றும் நன்றாக வரும். மற்றதெல்லாம் ஆங்கிலம். இங்கே நான் தமிழில் எழுதுகிறேன்.

நான் உறையைக் கையில் வாங்கினேன். எங்கள் அலுவலகத்துப் பழைய பதிவு வால்யூம்களில் வெள்ளைக்காரன் காலத்து ரைட்டர்கள் எழுதிய அதே சாய்வான எழுத்து. தடுமாறாமல் வாசித்தேன். க்ளேர் என்னை அதுவரை பார்க்காத மாதிரி பார்த்தாள்.

இன்டர்ஸ்டேட் இருபது என்ற நெடுஞ்சாலையில் ஏறியதும் வெயில் நேர் எதிரே வந்தது. டாலஸைச் சுற்றியிருக்கும் பாலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்தடுக்கு இருக்கும். அவற்றின் கீழே போகும்போது நான் எப்போதும் பேச்சை நிறுத்திவிடுவேன். அவற்றைத் தாண்டியதும் வானம் திறந்துகொள்கிறது. எங்கள் ஊரிலும் வெட்டவெளி உண்டு, ஆனால் எங்காவது ஒரு மலை நின்று கண்ணைத் தடுக்கும். இங்கே தடுப்பதற்கு எதுவும் இல்லை. எழுபத்தைந்து மைல் வேகத்தில் ஒரு மணி நேரம் போயும் அதே வானத்தின் கீழேதான் இருந்தோம். பிறகு மெல்ல மெல்லப் பைன் மரங்கள் வந்தன. மண் சிவந்தது. எங்கள் தோட்டத்து மண்ணின் அதே சிவப்பு. நான் ஜன்னலை இறக்கிப் பார்த்தேன்.

எட்டேகாலுக்கு ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். கேலன் இரண்டு டாலர் எழுபத்தொன்பது. காபியோடு திரும்பி வந்தபோது க்ளேர் உடனே வண்டியை எடுக்கவில்லை.

"அத்தை, எனக்கு இதுல ரொம்ப ஆர்வம் ஒண்ணும் இல்லை. அம்மாவுக்காகத்தான் வர்றேன்."

"தெரியுது கண்ணு."

"எனக்கு ஒன்பது வயசுல அப்பாவும் அம்மாவும் பிரிஞ்சாங்க. நான் அப்பாகிட்ட இருந்தேன். அம்மா வேற மாநிலத்துக்கு வேலைக்குப் போயிட்டாங்க. மூணு வருஷம். அப்ப அம்மாவைப் பெத்த பாட்டி சொல்வாங்க, இது ஹன்னா ரத்தம், இந்தக் குடும்பத்துப் பொம்பளைங்க பிள்ளைய விட்டுட்டுப் போறவங்கன்னு. அம்மா முன்னாலயே சொல்வாங்க."

ஜூடித் ஏன் இருபது வருஷம் தேடினார் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

ஒன்பது நாற்பதுக்கு ஊர் வந்தது. நடுவில் சதுரமான புல்வெளி, அதன் நடுவில் மணிக்கூண்டோடு செங்கல் கட்டடம். அதுதான் கோர்ட்ஹவுஸ். பதிவு அலுவலகம் அதற்குள்ளேதான். எதிரே முடிதிருத்தகம், பூட்டிக் கிடந்த ஒரு சினிமாக் கொட்டகை, இரண்டு வக்கீல் ஆபீஸ்.

உள்ளே எங்களை வரவேற்ற கிளார்க் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். என் சேலையை ஒரு தரம் பார்த்தார், பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "என்ன வேணும், ஹனி?" என்றார். எங்கள் பக்கம் எல்லோரையும் கண்ணு என்று கூப்பிடுகிற மாதிரி அவர் எல்லோரையும் ஹனி என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

"பழைய பத்திரங்களைப் பார்க்கணும். எங்கே மனு கொடுக்கணும்?"

"மனுவா? அந்தக் கதவு வழியா உள்ளே போங்க. நகல் வேணும்னா மட்டும் சொல்லுங்க, பக்கத்துக்கு ஒரு டாலர்."

நான் மறுபடி கேட்டேன். அவரும் மறுபடி அதையே சொன்னார். முப்பத்தோரு வருஷம் நான் காவல் காத்தது அப்படிப்பட்ட ஒரு ஆவண அறையைத்தான். எங்கள் அலுவலகத்தில் அந்த அறைக்குள் வெளியாள் காலை வைக்க முடியாது. இங்கே கதவு திறந்தே இருந்தது. உள்ளே சுவர் முழுக்க இரும்பு அடுக்குகள். ஒவ்வொரு தட்டிலும் உருளைகள். அவற்றின்மேல் முரட்டுத் துணி அட்டை போட்ட வால்யூம்கள் படுக்கை வசத்தில் கிடந்தன. ஒன்றை இழுத்தால் உருளையில் ஓடி வந்து கையில் விழுகிறது. பத்துக் கிலோவாவது இருக்கும். பழைய காகிதமும் பசையும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தானாகச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டது.

க்ளேர் அட்டவணையை எடுத்து, அம்மா எழுதித் தந்தபடி ஹன்னாக்களைத் தேடத் தொடங்கினாள். ஜூடித் இருபது வருஷமாகக் கடிதம் எழுதிக் கேட்டதும் அதையேதான். ஹன்னா என்ற பெயரில் பதினான்கு பேர் இருந்தார்கள். எவளும் நியூ ஜெர்சி என்று சொல்லவில்லை. அரை மணி நேரம் போனது.

எனக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. சொத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் எழுதிக் கொடுத்தவர் பெயரில் தேடுவார்கள். எழுதி வாங்கியவர் பெயருக்குத் தனி அட்டவணை உண்டு. எங்கள் அலுவலகத்திலும் உண்டு, இங்கேயும் இருந்தது. ஹன்னாவின் புதுப் பெயர்தான் தெரியாது. மகளின் பெயரும், அவள் அப்பாவின் குடும்பப் பெயரும் தெரியுமே.

"ஃபீபி பேர்ல பாரு கண்ணு. ஃபீபி வார்டெல்."

"ஃபீபி டெக்சாஸுக்கு வரவே இல்லையே, அத்தை."

"ஆள் வரலைன்னா பத்திரம் வராதா? பாரேன்."

பதினொன்று பத்துக்கு க்ளேரின் விரல் ஒரு வரியில் நின்றது. வார்டெல், ஃபீபி. எதிரே வால்யூம் எண், பக்க எண்.

அந்த வால்யூமை நானே இழுத்தேன். பக்க எண்ணைப் பார்த்துப் புரட்டினேன். மங்கிய பழுப்பு மசி. ஒரு பக்கத்தின் பாதியில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடிந்தது. நான் மெல்ல வாசித்தேன். க்ளேர் பக்கத்தில் நின்று கேட்டாள்.

ஹன்னா என்கிற நான், இந்தக் கவுன்டியில் குடியிருப்பவள், என் தகப்பனார் வழியில் வந்த பணத்தில் நான் வாங்கிய என் தனிச் சொத்தில் நூறு ஏக்கர் நிலத்தை, நியூ ஜெர்சியில் இருக்கும் என் மகள் ஃபீபி வார்டெலுக்கு, அவள்மேல் எனக்குள்ள இயற்கையான அன்பின் பேரிலும் பிரியத்தின் பேரிலும் எழுதிக் கொடுக்கிறேன். சாரம் இதுதான். ஜூடித் தேடிய அந்தப் புதுப் பெயரும் அதில் இருந்தது.

நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அன்பின் பேரிலும் பிரியத்தின் பேரிலும். தான செட்டில்மென்ட் பத்திரங்களில் இந்த வாசகம் இல்லாமல் இருக்காது. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் இந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். எங்கள் ஆவண எழுத்தர்கள் எங்கிருந்து இதை எடுத்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அதே சொற்கள் கடலுக்கு இந்தப் பக்கம், ஒரு செம்மண் ஊரில், எப்போதோ செத்துப்போன ஒரு கிளார்க்கின் கையெழுத்தில் கிடந்தன. முதல்முறையாக அந்த வரி எனக்கு வெறும் வாசகமாகத் தெரியவில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க, அத்தை?" என்றாள் க்ளேர். அவள் குரல் மாறியிருந்தது.

நான் எல்லை விவரத்துக்குப் போனேன். அளவெல்லாம் வாரா கணக்கில் இருந்தது. ஸ்பெயின்காரர்கள் விட்டுப்போன அளவு, ஒரு வாரா ஏறக்குறைய முப்பத்து மூன்று அங்குலம் என்று கிளார்க் அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார். ஓடைக்கரையில் நிற்கும் ஓக் மரத்தில் தொடங்கி, கிழக்கே இத்தனை வாரா, தெற்கே இத்தனை வாரா. எங்கள் பழைய பத்திரங்களில் பனைமரத்துக்கு மேற்கு, வண்டித்தடத்துக்கு வடக்கு என்று வருவது மாதிரியேதான். அந்தத் தொடக்க மரத்தில் அடையாளமாக ஒரு எழுத்து வெட்டியிருப்பதாகப் பத்திரம் சொன்னது. அது பி. ஃபீபி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் முதலில் வரும் எழுத்து.

கடைசியில் கிளார்க்கின் சான்று. இந்த ஹன்னாவை அவள் கணவனிடமிருந்து தனியே அழைத்து, பத்திரத்தை விளக்கிச் சொல்லிக் கேட்டேன், தன் சொந்த விருப்பத்தில் எழுதியதாகச் சொன்னாள், பின்வாங்க விரும்பவில்லை என்றாள். அந்தக் காலத்து டெக்சாஸில் கல்யாணமான பெண் கையெழுத்துப் போட்டால் அப்படிக் கேட்க வேண்டும் என்பது சட்டம். நானும் ஆயிரக்கணக்கான பேரிடம் 'சம்மதம்தானுங்களா?' என்று கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் புருஷனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டதில்லை.

புல்வெளியில் பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். கிளார்க் அம்மாவுக்கும் ஒரு தட்டில் கொடுத்தேன். உருளைக்கிழங்கை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். க்ளேர் சாப்பிட்டு முடித்துவிட்டு, "அப்புறம் அந்த நிலம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். ஒரு பத்திரத்தைப் பார்த்த யாரும் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி அது.

மத்தியானம் முழுக்க வில்லங்கம் பார்த்தோம். இப்போது ஃபீபியை எழுதிக் கொடுத்தவர் அட்டவணையில் தேடினோம். அவள் கல்யாணத்துக்குப் பின் வந்த பெயர் ஜூடித்தின் குறிப்புகளில் இருந்தது. இரண்டேகாலுக்குக் கிடைத்தது. ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து, நியூ ஜெர்சியில் இருந்தபடியே, அங்கத்து நோட்டரி முன்னால் ஃபீபி எழுதி அனுப்பிய பத்திரம். என் தாயார் ஹன்னா எனக்குக் கொடுத்த நூறு ஏக்கரை, அந்த நிலத்திலேயே குடியிருந்து உழுது வரும் என் தம்பி தாமஸுக்கு, ஒரு டாலருக்கும் அன்பின் பேரிலும் கொடுக்கிறேன்.

தாமஸ் ஹன்னாவின் இரண்டாவது கல்யாணத்துப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். ஃபீபி அவனைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டாள். 'என் தம்பி' என்றுதான் எழுதியிருந்தாள். 'என் தாயார்' என்றும்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் க்ளேர். "அம்மா தன்னை மறக்கலைன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் எங்களுக்கு ஏன் யாரும் சொல்லலை?"

அதற்குப் பதில் எந்த வால்யூமிலும் இருக்காது. நான் அதைத்தான் சொன்னேன். ஒன்பது பக்கம் நகல் எடுத்து, ஒன்பது டாலர் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டோம்.

மூன்றரைக்கு நிலத்தைப் பார்க்கப் போனோம். கிளார்க் அம்மா பழைய சர்வே வரைபடத்தில் இடத்தைக் காட்டியிருந்தார். ஊரில் இருந்து ஒன்பது மைல், கடைசி இரண்டு மைல் செம்மண் பாதை. ஒரு பக்கம் பைன், மறுபக்கம் மேய்ச்சல் நிலம், அதற்கப்பால் மரங்கள் வளைந்து போனதில் ஓடை இருப்பது தெரிந்தது. வேலிக்கு வெளியே நின்றோம். கொஞ்ச நேரத்தில் ஒரு பிக்கப் டிரக் வந்து நின்றது. தொப்பி போட்ட ஒரு பெரியவர் கண்ணாடியை இறக்கினார்.

"வழி தவறிட்டீங்களா, மேம்?"

"இல்லைங்க. பத்திரத்தில் இருக்கிற நிலத்தைப் பார்க்க வந்தோம்," என்றேன் ஆங்கிலத்தில்.

அவர் முகம் இறுகியது. "இது என் நிலம்."

"உங்க நிலம்தான். சந்தேகமே இல்லை. பட்டா சுத்தமா இருக்கு, நானே பார்த்துட்டேன்." க்ளேர் சிரித்துவிட்டாள். பிறகு அவளே விஷயத்தை விளக்கினாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஓடைக்கரையில் பெரிய ஓக் மரங்கள் பல இருந்ததாகவும், தன் அப்பா காலத்தில் புயல் பாதியைச் சாய்த்ததாகவும் சொன்னார். எழுத்து வெட்டிய மரம் எதையும் அவர் பார்த்ததில்லை. "போய்ப் பார்த்துட்டு வாங்க, மாடு ஒண்ணும் பண்ணாது," என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

ஓடைவரை நடந்தோம். தண்ணீர் கணுக்கால் அளவு. மரங்களின் நிழலில் மண் ஈரமாக இருந்தது. க்ளேர் ஒவ்வொரு மரத்தையும் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தாள். எழுத்து எதுவும் இல்லை. அத்தனை காலம் மரம் நின்றாலும் பட்டை மூடியிருக்கும். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். இந்த நூறு ஏக்கரைக் கண்ணால் பார்க்காத ஒரு சிறுமிக்காக ஒருத்தி இங்கே நின்று, சர்வேயரைக் கூட்டி வந்து, இந்த மரத்தில் வெட்டு என்று கை காட்டியிருக்கிறாள். டெக்சாஸில் நான் பார்த்த ஐந்தடுக்குப் பாலமும், பிளானோவின் கண்ணாடிக் கட்டடங்களும் அந்த நிமிஷம் என் நினைவில் சின்னதாகிவிட்டன.

திரும்பும் வழியில் க்ளேர் அம்மாவுக்கு ஃபோன் செய்யவில்லை. "நேர்ல போய்ச் சொல்லலாம். நீங்களும் வாங்க, அத்தை," என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்து விமானம். நியூ ஜெர்சியில் நூவர்க் என்ற ஊரில் இறங்கும்போது அங்கத்து மணி பத்து முப்பத்தைந்து. வாடகைக் கார் எடுத்தோம். நான் முதலில் நம் ஊர்க் கடைகள் இருக்கும் ஐசலினுக்குப் போகச் சொன்னேன். சம்பந்தி வீட்டுக்கு முதல்முறை போகிறேன், வெறுங்கையோடு எப்படிப் போவது? ஓக் ட்ரீ ரோடில் வண்டி நிறுத்த இடம் கிடைக்கவே இருபது நிமிஷம். இரண்டு பக்கமும் சேலைக் கடை, நகைக் கடை, மிட்டாய்க் கடை, அத்தனையிலும் கூட்டம். ஒரு கடையில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். மல்லிகை முழம் ஐந்து டாலர். கடையில் இருந்த சென்னைப் பெண் பையில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஃபங்ஷனா ஆன்ட்டி?"

"சம்பந்தி வீட்டுக்குப் போறேன்மா."

"சூப்பர். சம்பந்தி எந்த ஊரு ஆன்ட்டி? கோயம்புத்தூரா?"

"இந்த ஊருதான். அமெரிக்காக்காரங்க."

அவள் க்ளேரைப் பார்த்துவிட்டு இன்னும் அரை முழம் மல்லிகையைச் சேர்த்துக் கட்டினாள். காசு வாங்கவில்லை.

ஒன்றரைக்கு ட்ரென்டன். பழைய உயில்களெல்லாம் அங்கே மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஃபிலிம் சுருளை ஒரு மெஷினில் மாட்டித் திருகினால் பக்கங்கள் திரையில் ஓடுகின்றன. ஃபீபியின் அப்பா ஜோசப் வார்டெல் உயில் எழுதினாரா என்று பார்க்க வந்தோம். மூன்று இருபதுக்குக் கண்டோம்.

சின்ன உயில். மனைவி ஹன்னாவுக்குக் கட்டில், அடுப்பு, ஒரு பசு. அடுத்த வரியில் மகள் ஃபீபி. அவளுக்குக் கல்யாணம் ஆகும்வரை அல்லது இருபத்தொரு வயது வரை என் சகோதரனே பாதுகாவலன், அவளை அவன் பொறுப்பில் விடுகிறேன்.

நான் இரண்டு முறை வாசித்தேன். அருகில் இருந்த காப்பக ஊழியரிடம் க்ளேர் கேட்டாள், அம்மா உயிரோடு இருக்கும்போது இது செல்லுமா என்று. அன்றைய சட்டப்படி செல்லும் என்றார் அவர். அப்பா உயிலில் யாரைச் சொன்னாரோ பிள்ளை அவரிடம்தான். அம்மாவைக் கேட்க வேண்டியதில்லை.

ஹன்னா மகளை விட்டுப் போகவில்லை. அவளிடம் மகளைக் கொடுக்கவே இல்லை. க்ளேர் அந்த உயிலுக்கு ஒரு நகல் கேட்டு வாங்கினாள்.

அங்கிருந்து தெற்கே அறுபது மைல். நியூ ஜெர்சி என்றால் நான் ஓக் ட்ரீ ரோடு மாதிரி நெருக்கடி என்றே நினைத்திருந்தேன். தெற்கே போகப் போகத் தக்காளி வயல்கள், பூசணிக்காய் குவித்த கடைகள், அக்டோபர் மாதத்து மரங்கள். இலைகள் அப்படிச் சிவக்கும் என்று படத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு மரம் உச்சியில் இருந்து அடிவரை மஞ்சளாக நிற்பதை நேரில் பார்த்தபோது வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். க்ளேர் அவசரப்படுத்தவில்லை. அவளுக்கும் அந்த வீட்டுக்குச் சீக்கிரம் போக மனம் இல்லை என்று நினைக்கிறேன்.

ஐந்தே முக்காலுக்கு வீட்டு வாசலில் ஜூடித் நின்றார். ஒல்லியான உயரமான அம்மா, வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். என் முகத்தை நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்த்தார். அவர் கண்ணில் ஓரப் பார்வைதான் மிச்சம். தேங்காயையும் பூவையும் கையில் கொடுத்து, "வாங்க சம்பந்தி," என்றேன், அவர் வீட்டுக்கு அவரையே வரவேற்பதுபோல. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். உங்கள் மொழியில் இந்த உறவுக்குப் பெயரே இல்லை என்றேன். "அப்ப அதையே வெச்சுக்கலாம்," என்று மல்லிகையை முகர்ந்தார்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்தோம். நான் மூன்று ஆவணங்களையும் வரிசையாக வாசித்தேன், உயில் முதலில். மரத்தில் வெட்டிய எழுத்தைச் சொன்னபோது ஜூடித் கையை நீட்டி நகலை வாங்கி, கண்ணுக்கு ஓரமாகப் பிடித்துப் பார்த்தார். "அந்த எழுத்து எங்கே?" என்றார். நான் அவர் விரலைப் பிடித்து அந்த வரியின்மேல் வைத்தேன். விரலை அவர் எடுக்கவில்லை.

"எங்கம்மா சாகிறவரைக்கும் ஹன்னா ரத்தம்னு சொன்னாங்க," என்றார். "நானும் நம்பினேன். ஆனா நிஜமா இருந்தா அதையும் தெரிஞ்சுக்கணும்னுதான் தேடினேன்."

அப்போது க்ளேர் கேட்டாள். சாதாரணக் குரலில், உப்பை எடு என்று கேட்பதுபோல.

"அம்மா. கோர்ட்ல என்னை உன்கூட அனுப்பச் சொல்லிக் கேட்டியா?"

ஜூடித் நகலை மேஜையில் வைத்தார். "கேட்டேன். ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் அப்பாகிட்டதான்னு சொல்லிட்டாங்க. என்கிட்ட வீடு இல்லை, நிரந்தர வேலை இல்லை. வேலை கிடைச்ச இடத்துக்குப் போனேன். வேலை இருந்தா மூணாவது தடவை கேக்கலாம்னு."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"நீ அப்பாகிட்ட சந்தோஷமா இருந்தே. நான் வாயைத் திறந்தா அதைக் கெடுக்கறதா ஆயிடும்."

நான் எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டேன். தோட்டம் முழுக்க இலை உதிர்ந்து கிடந்தது. ஒரு துடைப்பம் சாய்த்து வைத்திருந்தது. கைக்கு வேலை வேண்டும் என்று பெருக்க ஆரம்பித்தேன். உள்ளே இருந்து பேச்சுக் குரல் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அழுகைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. இருட்டும்போது இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். க்ளேரின் கண்கள் சிவந்திருந்தன. ஜூடித் தன் தலையில் மல்லிகையைச் செருகியிருந்தார், அவ்வளவு குட்டை முடியில் அது எப்படி நின்றது என்று தெரியவில்லை.

இரண்டு நாள் தங்கினேன். புதன்கிழமை ஃபீபியின் கல்லறையைப் பார்க்கப் போனோம், வீட்டில் இருந்து நாலு மைல். எழுத்து தேய்ந்த ஒரு சின்னக் கல். ஜூடித் நகல்களைக் கையிலேயே வைத்திருந்தார்.

வியாழக்கிழமை பிலடெல்பியா விமான நிலையத்துக்கு முப்பத்தைந்து மைல். க்ளேர் டிக்கியில் என் பெட்டியை மட்டும் ஏற்றினாள்.

"நான் ரெண்டு வாரம் இருந்துட்டு வர்றேன், அத்தை. இங்கிருந்தே வேலை பார்த்துக்குவேன். கார்த்திக்கிட்டச் சொல்லிட்டேன். தனியாப் போயிடுவீங்களா?"

"போயிடுவேன் கண்ணு. நீ நிதானமா வா."

ஜன்னல் ஓரத்து இருக்கை கிடைத்தது. கீழே நதி, பாலங்கள், வயல்கள், பிறகு மேகம். ஹன்னாவுக்கு இந்தத் தூரத்தைக் கடக்கப் பல வாரங்கள் ஆகியிருக்கும். எனக்கு மூன்றரை மணி நேரம். கடந்துபோன ஒவ்வொரு மைலும் அவளை மகளிடமிருந்து பிரித்த மைல் என்ற நினைப்பில் என்னால் அந்த விமானத்தில் தூங்க முடியவில்லை.

டாலஸில் இறங்கி வெளியே வந்தபோது, ஊரில் இருந்து என் வீட்டுக்காரர் ஃபோன் செய்தார். பயணம் எப்படி, சாப்பிட்டாயா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "மருமக எங்கே, ஃபோனைக் கொடு," என்றார்.

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும், எந்த மாமியாரும், வருஷத்துக்கு நாலு தடவை சொல்கிற பதில்தான். இந்த மூன்று வருஷத்தில் க்ளேரைப் பற்றி நான் அதைச் சொல்ல நேர்ந்ததே இல்லை.

"அவ இல்லைங்க," என்றேன். "அம்மா வீட்டுக்குப் போயிருக்கா."